வேர்ட்நெட்டின் மறுகட்டமைப்பும் டபிள்யூஎன் வினவல் நிரலகமும்: ஒரு மதிப்புரை

சொற்களை அகர வரிசையில் அடுக்காமல், பொருளின் அடிப்படையில் தொகுத்து, அத்தொகுதிகளுக்கு இடையிலான உறவுகளையும் பதிவுசெய்து வைக்கும் சொற்பொருள் தரவுத்தளம் என்றவுடன், மொழிக் கணிமையில் ஈடுபட்டுள்ள எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வேர்ட்நெட்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் தலைமையில் 1985இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் 3.0 பதிப்பு 2006இல் வெளிவந்தது. 1,17,659 சின்செட்டுகள், அதாவது ஒரே பொருளைத் தரும் சொற்களின் தொகுதிகள், அதில் உள்ளன. இன்றளவும் பெரும்பாலான ஆய்வுகளும் பாடத்திட்டங்களும் அந்தப் பதிப்பையே நம்பியிருக்கின்றன. இந்த மதிப்புரை, அந்தப் பழைய தரவை வேறொரு கட்டமைப்புக்கு மாற்றி வளர்த்துவரும் ஓபன் இங்கிலீஷ் வேர்ட்நெட்டையும், அதையும் பிற மொழிகளின் வேர்ட்நெட்டுகளையும் வினவுவதற்காகப் பைதானில் எழுதப்பட்டுள்ள டபிள்யூஎன் என்ற திறமூல நிரலகத்தையும் பற்றியது. இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. தரவின் கட்டமைப்பு மாறாமல் நிரலகம் மட்டும் மாறியிருந்தால் பழைய சிக்கல்களில் பெரும்பாலானவை அப்படியே இருந்திருக்கும்.

பழைய கட்டமைப்பு எப்படி அமைந்திருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த மாற்றத்தின் அருமை புரியும். பிரின்ஸ்டன் வேர்ட்நெட் பொதியைப் பிரித்தால், பெயர்ச்சொற்களுக்கு டேட்டா.நவுன், இன்டெக்ஸ்.நவுன் என்ற இரண்டு உரைக் கோப்புகள் கிடைக்கும்; வினை, பெயரடை, வினையடை ஆகியவற்றுக்கும் இவ்வாறே இரண்டிரண்டு கோப்புகள் உண்டு. நாயைக் குறிக்கும் சின்செட்டின் வரி, 3.0 பதிப்பின் டேட்டா.நவுன் கோப்பில் 02084071 என்ற எண்ணுடன் தொடங்குகிறது. அதை அடுத்து, விலங்குப் பெயர்களுக்கான தொகுப்பாசிரியர் கோப்பை, அதாவது தொகுப்பவர்கள் கையால் எழுதும் மூலக் கோப்பைக் குறிக்கும் 05, சொல்வகையைக் காட்டும் ஓரெழுத்து, தொகுதியில் எத்தனை சொற்கள் உள்ளன என்பதைப் பதினறும எண்ணில் சொல்லும் 03, பின்னர் அந்த மூன்று சொற்கள், அதன்பின் உறவுகளின் எண்ணிக்கை என்று வரி நீள்கிறது. உறவுகளின் பட்டியலில் முதலாவதாக, மேலினத்தை, அதாவது இக்கருத்தை உள்ளடக்கிய பரந்த வகையைச் சுட்டும் குறியும், நாயினக் குடும்பத்துக்கான சின்செட்டின் எண்ணாகிய 02083346உம் வருகின்றன. வரியின் இறுதியில் விளக்கம் இடம்பெறுகிறது.

இங்கே 02084071 என்பது நாய் என்ற கருத்துக்கு யாரோ யோசித்து வழங்கிய அடையாள எண் அன்று. அந்த வரி கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதன் கணக்கு மட்டுமே. அகர வரிசையில் உள்ள இன்டெக்ஸ் கோப்பில் இருகூறாக்கித் தேடிச் சொல்லைக் கண்டுபிடிப்பது, அங்குள்ள எண்ணை எடுத்துக்கொண்டு டேட்டா கோப்பில் நேராக அந்த பைட்டுக்குத் தாவுவது என்ற இந்த ஏற்பாடு, நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் எந்தத் தரவுத்தள மென்பொருளின் துணையும் இல்லாமல் மின்னல் வேகத்தில் விடை தந்தது. அந்த அளவில் அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இருப்பிடமே அடையாளமாகவும் ஆகிவிட்டதால் நேர்ந்த விளைவு கடுமையானது. ஒவ்வொரு டேட்டா கோப்பின் தலையிலும் 29 வரிகளில் உரிம வாசகம் இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்தைக் கூட்டினாலும், கோப்பில் உள்ள அத்தனை சின்செட்டுகளின் எண்களும் மாறிவிடும். ஒரு விளக்கத்தில் உள்ள எழுத்துப் பிழையைத் திருத்தினால், அதற்குக் கீழே உள்ள அனைத்தும் நகர்ந்துவிடும். ஆகவே கோப்பைக் கையால் திருத்துவதற்கு வழியே இல்லை. தொகுப்பாசிரியர் கோப்புகளைத் திருத்தி, கிரைண்ட் என்ற கருவியின் வழியாக எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டும். 3.1 பதிப்பில் அதே நாய் 02086723 ஆகிவிட்டது. கருத்து மாறவில்லை, இருந்த இடம் மாறியது, அதனால் 3.0இன் எண்களைத் தம் தரவில் சேமித்து வைத்திருந்தவர்கள் அனைவரும் பதிப்புகளுக்கு இடையிலான பொருத்தப் பட்டியல்களைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

பைதான் உலகில் பரவலாகப் புழங்கும் என்எல்டிகே நிரலகம், இந்த எண்களை நேரடியாகக் காட்டாமல், சொல், சொல்வகை, வரிசை எண் மூன்றையும் புள்ளிகளால் இணைத்து ஒரு பெயரை வழங்குகிறது. படிப்பதற்கு இனிய பெயர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு சொல்லின் பல பொருள்களில் எது முதலாவது, எது இரண்டாவது என்ற வரிசையும் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியதே என்பதால், இந்தப் பெயரும் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பழைய கட்டமைப்பில் ஓரளவு நிலையாக இருந்தது சென்ஸ் கீ எனப்படும் பொருட்குறி ஒன்றுதான். சொல், சொல்வகை எண், தொகுப்பாசிரியர் கோப்பு எண், ஒரே கோப்பில் உள்ள ஒத்த சொற்களைப் பிரித்துக்காட்டும் எண் ஆகியவற்றால் அது அமைந்திருப்பதால், கோப்பின் பைட் கணக்கு அதைத் தீண்டுவதில்லை. செம்கோர் போன்ற பொருள் குறிக்கப்பட்ட உரைத்தொகுப்புகள் பல பதிப்புகளைத் தாண்டியும் பயன்பாட்டில் இருப்பதற்கு இந்தப் பொருட்குறியும் ஒரு காரணம்.

புதிய கட்டமைப்பு இந்தச் சிக்கலின் வேரிலேயே கை வைக்கிறது. குளோபல் வேர்ட்நெட் அசோசியேஷன் வகுத்துள்ள எக்ஸ்எம்எல் வடிவத்தில், சொற்பதிவு, அதன் வடிவங்கள், அச்சொல்லின் ஒவ்வொரு பொருள், சின்செட் ஆகியவை தனித்தனி உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய அடையாளம் வழங்கப்படுகிறது. ஓபன் இங்கிலீஷ் வேர்ட்நெட், 3.1 பதிப்பிலிருந்து கிளைத்து, 2019 முதல் தொடர்ந்து பதிப்புகளை வெளியிட்டு வருகிறது. நாய்க்கான அடையாளத்தில் 02086723 என்ற அதே இலக்கங்கள் இன்னமும் இருந்தாலும், அவை எந்தக் கோப்பின் எந்த இடத்தையும் குறிப்பதில்லை. எண் அப்படியே நிலைத்திருக்க, விளக்கத்தைத் திருத்தலாம், சொல்லைச் சேர்க்கலாம், உறவை நீக்கலாம். இதற்கும் மேலாக, மொழிகளுக்கு இடையிலான பொதுக் குறியீட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. 3.0இன் அத்தனை சின்செட்டுகளுக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்துத் தொடங்கிய இந்தப் பட்டியலை ஒவ்வொரு மொழியின் வேர்ட்நெட்டும் சுட்ட முடிவதால், எந்த மொழியும் ஆங்கிலத் தரவின் ஏதோ ஒரு பதிப்பைப் பிடித்துத் தொங்க வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது.

டபிள்யூஎன் நிரலகம் இந்த எக்ஸ்எம்எல் கோப்பை வாங்கி எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஏற்றுகிறது. சொற்பதிவுகள், வடிவங்கள், பொருள்கள், சின்செட்டுகள், விளக்கங்கள், சின்செட்டுகளுக்கு இடையிலான உறவுகள், தனிப் பொருள்களுக்கு இடையிலான உறவுகள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. கடைசி இரண்டையும் பிரித்து வைத்திருப்பதை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். நாய் ஒரு விலங்கு என்பது கருத்துகளுக்கு இடையிலான உறவு. எதிர்ச்சொல் என்பதோ இரண்டு குறிப்பிட்ட சொற்களுக்கு இடையிலானது. பழைய கோப்பில் இந்த வேறுபாடு உறவின் கடைசியில் உள்ள நான்கு இலக்கங்களுக்குள் ஒளிந்திருந்தது: நான்கும் சுழியமானால் சின்செட் முழுமைக்கும் உரிய உறவு, இல்லையேல் முதல் இரண்டு இலக்கங்கள் இங்குள்ள சொல்லின் வரிசையையும், அடுத்த இரண்டும் அங்குள்ள சொல்லின் வரிசையையும் குறிக்கும். இதை அறியாமல் எழுதப்பட்ட நிரல்கள், எதிர்ச்சொல்லைச் சின்செட்டில் உள்ள எல்லாச் சொற்களுக்கும் பொதுவாக்கிவிடும். இப்போது அந்தத் தவற்றைச் செய்ய நினைத்தாலும் எளிதில் செய்துவிட முடியாது.

நிரலகத்தைப் பயன்படுத்தும்போது நான் மிகவும் மதிக்கும் பண்பு, எந்தச் சொற்களஞ்சியத்தின் எந்தப் பதிப்பிலிருந்து விடை வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல அது வகைசெய்வதுதான். களஞ்சியத்தின் பெயரையும் பதிப்பையும் முக்காற்புள்ளியால் இணைத்துக் கொடுத்து ஒரு வேர்ட்நெட் பொருளை (நிரலாக்கத்தில் சொல்லப்படும் ஆப்ஜெக்டை) உருவாக்கிக்கொண்டால், அதன்பின் எழும் வினவல்கள் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. ஒரே தரவுத்தளத்தில் 3.0, 3.1, ஓபன் இங்கிலீஷ் வேர்ட்நெட்டின் அடுத்தடுத்த பதிப்புகள் ஆகிய அனைத்தும் அருகருகே இருக்கலாம். ஆனால் இந்த வசதியை விட்டுவிட்டு, களஞ்சியத்தைக் குறிப்பிடாமலேயே வினவினால், ஏற்றப்பட்டுள்ள எல்லாவற்றிலிருந்தும் விடைகள் கலந்து வந்து சேரும். கணினியில் இன்று ஒரு களஞ்சியம் மட்டும் இருப்பதால் சரியாக ஓடும் நிரல், நாளை இன்னொன்றை ஏற்றியவுடன் வேறு விடை தரும். விளையாட்டாகத் தேடிப் பார்ப்பதற்கு அந்தக் குறுக்குவழி போதும். சேமித்து வைக்கப்போகும் எந்தப் பணிக்கும் பதிப்பைக் குறிப்பிட்டே எழுத வேண்டும்.

புதிதாக வருபவர்கள் முதலில் இடறும் இடம் சொல்வடிவத் தேடல்தான். என்எல்டிகே, பன்மையையோ இறந்தகால வடிவத்தையோ கொடுத்தால், மார்ஃபி என்ற விதித்தொகுப்பின் உதவியால் தானே வேர்ச்சொல்லைக் கண்டறிந்துவிடும். டபிள்யூஎன், கேட்டாலன்றி அதைச் செய்வதில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓநாய்களைக் குறிக்கும் 'வுல்வ்ஸ்' என்ற வடிவம் விதிக்கு அடங்காத பன்மை என்பதால் சொற்பதிவிலேயே ஒரு வடிவமாக இடம்பெற்றிருக்கிறது. எனவே தேடினால் கிடைக்கும். நாய்களைக் குறிக்கும் 'டாக்ஸ்' வழக்கமான பன்மை. அது எங்கும் பதிவாகியிருக்காது. ஆகவே வெற்றுப் பட்டியல்தான் விடை. காரணம் தெரியாதவருக்குத் தரவே பழுதாக இருக்கிறது என்று தோன்றும். நிரலகத்துடனேயே வரும் மார்ஃபி பகுதியை வேர்ட்நெட் பொருளுக்கு லெமடைசராக, அதாவது வேர்ச்சொல் காணும் கருவியாகக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆங்கிலத்துக்கு மட்டும் பொருந்தும் விதிகளை எல்லா மொழிகளுக்கும் இயல்பாகத் திணிக்காமல் விட்டது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் ஆங்கிலக் களஞ்சியத்தைத் திறக்கும் வேளையிலாவது இதை நினைவூட்டும் ஒரு குறிப்பு வந்திருந்தால் எவ்வளவோ பேருக்கு உதவியாக இருந்திருக்கும்.

இதனுடன் சேர்த்துத் தமிழ்த் தரவைக் கையாள்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, இயல்பாக்கி என்ற அளபுரு, அதாவது நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்பு. கொடுத்த சொல் அப்படியே கிடைக்காதபோது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கியும், எழுத்தின் மேல் வரும் குறிகளைக் களைந்தும் தேடுவது இதன் பணி. ஐரோப்பிய மொழிகளுக்கு இது நல்லது. யூனிகோடு வகைப்பாட்டிலோ, நம் உயிர்மெய்க் குறிகள், இணைகுறிகளுக்கு வழங்கப்படும் இணைவகுப்பு எண் சுழியமாக இருப்பதால் தப்பிவிட, புள்ளி மட்டும் சுழியமல்லாத எண்ணைப் பெற்றிருக்கிறது. ஆகவே இணைகுறிகளைக் களையும் இயல்பாக்கம் எதுவும் புள்ளியை உதிர்த்துவிட்டு, கல் என்பதையும் கல என்பதையும் ஒன்றாக்கிவிடும். தமிழ்க் களஞ்சியம் ஒன்றை இதில் ஏற்றுபவர், அந்த அளபுருவை வெறுமையாக்கிவிடவேண்டும், அல்லது தமிழுக்கென்று எழுதிய செயற்கூறு ஒன்றை அங்கே கொடுக்கவேண்டும்.

பன்மொழி வினவல்தான் இந்நிரலகத்தின் மிக வலுவான பகுதி. பல மொழிகளின் வேர்ட்நெட்டுகள், தங்களுக்கென்று உறவுகளை வரையாமல், சொற்களையும் சின்செட்டுகளையும் மட்டும் தந்து, உறவுகளுக்கு ஆங்கிலத்தைச் சார்ந்திருக்கின்றன. டபிள்யூஎன் இதை மறைக்காமல், விரிவாக்கக் களஞ்சியம் என்ற பெயரில் தனியே குறிப்பிடச் சொல்கிறது. ஜப்பானியச் சின்செட் ஒன்றின் மேலினத்தைக் கேட்டால், பொதுக் குறியீட்டு எண்ணின் வழியாக விரிவாக்கக் களஞ்சியத்துக்குச் சென்று, அங்குள்ள உறவைப் பிடித்து, மீண்டும் ஜப்பானியத்துக்குத் திரும்பி வருகிறது. போகும் வழியில் அந்த மொழியில் சொல்லே இல்லாத கருத்து ஒன்று குறுக்கிட்டால், அதைத் தாண்டிக் குதித்துவிடாமல், ஊகிக்கப்பட்டது என்று தெளிவாகக் குறியிட்ட வெற்றுச் சின்செட் ஒன்றை அவ்விடத்தில் வைக்கிறது. இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். எது அந்த மொழியின் தொகுப்பாசிரியர்கள் பதிவுசெய்தது, எது இன்னொரு மொழியிலிருந்து கடன்வாங்கியது என்பது பயனாளருக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டையும் கலந்து கொடுக்கும் கருவியால் அந்த மொழியைப் பற்றிய தவறான முடிவுகளே பிறக்கும்.

ஒரு துறைக்கான சொற்களைச் சேர்க்க விரும்புவோருக்கு விரிவுக் களஞ்சியம் என்ற ஏற்பாடு இருக்கிறது; மேலே சொன்ன விரிவாக்கக் களஞ்சியம் வேறு, இது வேறு. அடிப்படைத் தரவைத் தொடாமல், அதன்மேல் புதிய சொற்பதிவுகளையும் உறவுகளையும் தனிக் கோப்பாக எழுதி ஏற்றலாம். வேண்டாதபோது அதை மட்டும் நீக்கலாம். ஏற்றுவதற்கு முன் கட்டளை வரியிலிருந்து சரிபார்ப்பு ஒன்றையும் நடத்திக்கொள்ளலாம். இல்லாத சின்செட்டைச் சுட்டும் பொருள்கள், தன்னையே சுட்டும் உறவுகள், ஒரு பக்கம் மேலினம் எழுதப்பட்டு மறுபக்கம் கீழினம் விடுபட்ட இடங்கள் ஆகியவற்றை அது எடுத்துக்காட்டும். பழைய முறையில் கிரைண்ட் கருவி விடுபட்ட எதிர்த்திசை உறவைத் தானே நிரப்பிவிடும்; இங்கே எச்சரிக்கை மட்டுமே கிடைக்கிறது; எழுதுவது தொகுப்பாளரின் பொறுப்பு. தரவைக் கையால் தொகுப்பவர்களுக்கு இது கூடுதல் சுமைதான் என்றாலும், இரு திசைகளும் கோப்பிலேயே கண்ணுக்குத் தெரிவதால் பின்னால் வருபவர்களுக்கு ஐயம் எழாது.

வேகத்தைப் பொறுத்தவரை, மாற்றம் எல்லா வகையிலும் இலாபம் என்று சொல்வதற்கில்லை. என்எல்டிகே தொடக்கத்தில் இன்டெக்ஸ் கோப்புகளை முழுமையாக நினைவகத்துக்குள் கொண்டுவருவதால் முதல் வினவல் தாமதமாகிறது. அதற்குப்பின் நினைவகத்திலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். டபிள்யூஎன்னில் ஒருமுறை களஞ்சியத்தை ஏற்றும் நேரம் மட்டுமே நீளம்; பின்னர் ஒவ்வொரு முறை நிரலைத் தொடங்கும்போதும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மேலின வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஓர் எஸ்க்யூஎல் வினவல் நடக்கிறது. ஒரு சொல்லைத் தேடுபவருக்கு இது பொருட்டே அல்ல. இலட்சக்கணக்கான சொல் இணைகளுக்குப் பொருள் ஒப்புமை கணக்கிடுபவருக்கோ இது உறுத்தும். அத்தகைய பணிக்கு உறவுகள் முழுவதையும் ஒருமுறை படித்து, நினைவகத்தில் பைதானின் அகராதி (டிக்ட்) அமைப்பில் வைத்துக்கொண்டு, அதன்மேல் நடைபோடுவதே சரியான வழி. தரவுத்தளக் கோப்பைத் திறந்து எஸ்க்யூலைட்டின் மீள்சுழல் வினவலாலும் அதைச் செய்ய முடியும். ஆனால் அட்டவணைகளின் உள்ளமைப்பு நிரலகத்தின் சொந்த விவகாரம். அது மாறும்போது பழைய தரவுத்தளக் கோப்பு ஏற்கப்படாமல், களஞ்சியங்களை மீண்டும் ஏற்ற வேண்டி வரும். அட்டவணைப் பெயர்களை நம்பி எழுதிய நிரலும் அன்றே நின்றுவிடும். இணையச் சேவைக்குள் இதைப் பொருத்துபவர்கள், ஒரே நேரத்தில் ஓடும் பல நிரல் இழைகளிலிருந்து ஒரே தரவுத்தள இணைப்பைப் பயன்படுத்துவது இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும், அதை அமைப்புகளில் வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும் என்பதையும் முன்னரே அறிந்திருப்பது நல்லது.

பழைய நிரல்களை மாற்றி எழுதுவோர் ஒப்புமைக் கணக்கீட்டில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மேலின வரிசையில் ஏறிக்கொண்டே போனால், பெயர்ச்சொற்கள் அனைத்தும் ஒரே வேரில் சென்று முடிகின்றன; வினைச்சொற்களுக்கோ நூற்றுக்கணக்கான தனித்தனி வேர்கள். என்எல்டிகே, வினைகளுக்குக் கற்பனையான பொது வேர் ஒன்றை இயல்பாகவே வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. டபிள்யூஎன் அதைக் கேட்டால்தான் செய்யும். எனவே ஒரே இரண்டு வினைகளுக்கு இரண்டு நிரலகங்களும் வெவ்வேறு விடை தந்தால் அது பிழையன்று. அந்த அளபுருவை இயக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். உரைத்தொகுப்பின் நிகழ்வெண்ணை அடிப்படையாகக் கொண்ட அளவைகளுக்கு முன்பே தயாரித்து வழங்கப்படும் கோப்புகள் பைட் எண்களால் குறிக்கப்பட்டவை என்பதால், அவற்றை அந்தந்தப் பதிப்புக்குரிய களஞ்சியத்துடன் மட்டுமே சேர்க்க முடியும். 3.0க்கான கோப்பை ஓபன் இங்கிலீஷ் வேர்ட்நெட்டுடன் இணைத்தால் எண்கள் பொருத்தமற்ற கருத்துகளில் போய் அமரும். புதிய களஞ்சியத்துக்கு, தம் உரைத்தொகுப்பிலிருந்து நிகழ்வெண்ணைப் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளும் வசதி நிரலகத்திலேயே இருக்கிறது.

புதிதாக ஒரு சொற்பொருள் திட்டத்தைத் தொடங்குபவர்களுக்கு ஓபன் இங்கிலீஷ் வேர்ட்நெட்டையும் டபிள்யூஎன்னையும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வெளியான ஆய்வின் முடிவுகளை மீண்டும் எட்ட வேண்டியவர்கள், ஓபன் மல்டிலிங்குவல் வேர்ட்நெட் தொகுப்பில் 3.0இன் தரவைக் கொண்டுள்ள ஆங்கிலக் களஞ்சியத்தை அதே நிரலகத்தில் ஏற்றிப் பயன்படுத்தலாம். அப்போதும் லெமடைசரையும் பொது வேர் அளபுருவையும் என்எல்டிகேயின் இயல்புநிலைக்கு ஒத்ததாக அமைத்துக்கொண்ட பிறகே எண்களை ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே பைட் எண்களைச் சேமித்து வைத்திருப்பவர்கள், முதல் வேலையாக அவற்றைப் பொருட்குறிகளாகவோ பொதுக் குறியீட்டு எண்களாகவோ மாற்றி எழுதிவிட்டு, எந்தப் பதிப்பிலிருந்து மாற்றினோம் என்பதையும் அதே கோப்பில் பதிந்து வைக்கட்டும்.